பெரிய வெள்ளியன்று போன வண்டி

பெரிய வியாழக்கிழமை மத்தியானம் எங்கள் தெருவில் தேங்காய் நாரால் குதிகால் தேய்க்கும் சத்தம் கேட்கும். ஒரு வீட்டுக் கிணற்றடியில் 'சரக் சரக்' என்று தொடங்கினால் கொஞ்ச நேரத்தில் எதிர் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் அதே சத்தம் பிடித்துக்கொள்ளும். சாக்கடையில் சோப்பு நுரை வெள்ளையாக ஓடும். கடலூர் முதுநகரில் எங்கள் பங்குக் கோயிலைச் சுற்றியிருந்த நான்கு தெருக்களிலிருந்து, அன்று சாயங்காலப் பூசையில் சாமியார் பாதம் கழுவுவதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பன்னிரண்டு ஆண்களும், ஊர் பார்க்க அழுக்கு வந்துவிட்டால் குடும்ப மானம் கப்பலேறிவிடும் என்று பயந்து, தங்கள் கால்களை முன்கூட்டியே தேய்த்து வெளுத்துக்கொண்டிருப்பார்கள். இயேசு தம்முடைய சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைத்துச் செய்கிற சடங்கு அது. கழுவ ஒன்றும் மிச்சமில்லாத கால்களைத்தான் வருஷா வருஷம் எங்கள் சாமியார் கழுவினார்.

யாருக்கு எந்த அப்போஸ்தலர் என்று சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். விழுந்த பெயரை அட்டையில் எழுதிச் சட்டையில் குத்திக்கொண்டு பீடத்துக்கு முன்னால் வரிசையாக உட்கார வேண்டும். யூதாசின் பெயரைக் குத்திக்கொள்ள எவரும் சம்மதிக்காததால் அவனுக்குப் பதிலாகப் பிற்பாடு சேர்க்கப்பட்ட மத்தியாவின் பெயரை எழுதினார்கள்; அந்தச் சீட்டு என் அம்மாவின் தம்பி பிரான்சிஸ் மாமாவுக்கு மூன்று வருஷம் தொடர்ந்து விழுந்தது. "மச்சானுக்கு டூப்பு வேஷந்தான் கெடைக்குது" என்று அப்பா கேலி செய்வார். இந்த ஏற்பாடுகளையெல்லாம் முன்னின்று செய்கிறவள் என் அம்மா. மாதர் சங்கத் தலைவி. "நல்லதுன்னு பட்டா செஞ்சிடணும், யோசிச்சிக்கினு நின்னா சாத்தான் பூந்துடுவான்" என்பது அவள் அடிக்கடி சொல்லும் வாக்கு. நானும் அதை நெடுநாள் வேதவாக்காகத்தான் நம்பியிருந்தேன்.

தவக்காலத்தை எங்கள் வீட்டில் 'தபசு காலம்' என்பார்கள். அந்த நாற்பது நாளும் உலைக்கு அரிசி களையும் முன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டுவிட வேண்டும்; 'பிடி அரிசி' என்று அதற்குப் பெயர். வெள்ளிக்கிழமை காலையில் எல்லா வீட்டுப் பிடி அரிசியும் கோயில் கொல்லைக்கு வந்து சேரும். பெண்கள் கூடி எலுமிச்சம்பழச் சோறோ சாம்பார் சோறோ ஆக்கி, வாழை இலையிலும் செய்தித்தாளிலும் 'பொட்டலம்' கட்டி, பேருந்து நிலையத்திலும் துறைமுகச் சாலையிலும் படுத்துக் கிடப்பவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். பொட்டலத்தைத் தூக்கிப் போட்டால் அம்மாவுக்குக் கெட்ட கோபம் வரும். குனிந்து, இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும், கொடுக்கும் முன் "சாப்டீங்களா?" என்று கேட்க வேண்டும். பூசையில் நற்கருணை வாங்குகிற அதே பயபக்தியோடு அவள் அந்தப் பொட்டலங்களைக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். அவள் வேஷக்காரி அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் பிறகு நடந்ததைக் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

அப்பாவுக்குச் சிதம்பரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. தினமும் முதுநகரிலிருந்து பாசஞ்சர் வண்டியில் போய் வருவார். எனக்குப் பதினொரு வயதிருக்கும்போது, ஐப்பசி மழை விட்ட சமயம், சிதம்பரம் ஸ்டேஷனில் புதிதாக ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்திருப்பதாக அப்பா வீட்டில் சொன்னார். பிளாட்பாரத்தின் கடைசியில் வேப்பமரத்தடிக் குழாய்க்குப் பக்கத்தில், நெஞ்சு வரை தொங்கும் தாடியோடு, மடியில் ஒரு துணிமூட்டையை வைத்துக்கொண்டு இருப்பாராம்; யாரிடமும் கை நீட்டமாட்டாராம். வண்டி வந்து நின்றால் மட்டும் எழுந்து நின்று, முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டிவரை இறங்குகிற முகங்களைப் பார்த்துவிட்டு, வண்டி நகர்ந்ததும் மறுபடி உட்கார்ந்துகொள்வாராம். எல்லா வண்டிக்கும் அப்படி. "மகளுக்காகக் காத்துக்கினு கெடக்கறாரு" என்று அப்பா சொன்னார்.

மகளும் மருமகனும் செங்கல் சூளைக்கு ஆள் பிடிப்பவனிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு வடக்கே கல் அறுக்கப் போனவர்கள். வேலை செய்ய முடியாத கிழவனுக்கு அங்கே இடமில்லை என்று அவன் சொல்லிவிட்டான். குடிசையையும் அந்த மழை கொண்டுபோய்விட்டது. வயிற்றில் பிள்ளையோடிருந்த மகள், மேலே கூரையும் பக்கத்தில் தண்ணீரும் இருக்கிற இடமாகப் பார்த்து ஸ்டேஷனில் அவரை உட்கார வைத்து, "எங்கியும் போவாத. இங்கியே ஒக்காந்திரு, பொங்கலுக்கு வந்து கூட்டிக்கினு போறேன்" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறியிருக்கிறாள். பொங்கலும் வந்தது, போனது. ஸ்டேஷனில் கேட்டால், மகள் கிழவனைக் கழற்றிவிட்டுப் போய்விட்டாள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். "பெத்த மகளே உட்டுட்டா, நாமளும் உட முடியுமா?" என்று அம்மா அப்பாவின் பையில் தினமும் ஒரு பொட்டலத்தைச் சேர்த்து வைக்கத் தொடங்கினாள்.

சனிக்கிழமைகளில் அம்மாவோடு நானும் போவேன். அவர் பொட்டலத்தைப் பிரித்து, சோற்றை நடுவில் கோடு கிழித்தாற்போலப் பிரித்து, பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு மீதியை மடித்து வைத்துவிடுவார். முதல் தடவை நான் ஏன் என்று கேட்டபோது, "அது வந்தா பசியோட வரும், பாப்பா" என்றார். அந்தப் பாதி சாயங்காலம்வரை மடியிலேயே இருந்து பிறகு நாய்க்குப் போகும். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனக்கோ அப்பாவின் புண்ணியத்தில் கடலூர் சிதம்பரம் மார்க்கத்து வண்டி நேரமெல்லாம் மனப்பாடம். "அடுத்தது எப்ப?" என்று அவர் கேட்பார், நான் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு பெரிய மனுஷி மாதிரி ஒப்பிப்பேன். நான் சொன்ன நேரத்துக்கு வண்டி வந்து நின்றால் அவர் என்னைப் பார்க்கும் பார்வையில் அப்படி ஒரு மதிப்பு இருக்கும். வீட்டில் எனக்கு அந்த மதிப்பெல்லாம் கிடையாது.

அந்தத் தபசு காலத்தில் எங்கள் பங்குக்கு இளவயதுச் சாமியார் ஒருவர் வந்திருந்தார். வருஷா வருஷம் வீடு வாசல் உள்ளவர்களின் கால்களைத்தானா கழுவுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் கேட்டார். அம்மாவுக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது. பூசை முடிந்து வீடு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் முடிவு செய்துவிட்டாள். பன்னிரண்டில் ஒருவராகச் சிதம்பரம் ஸ்டேஷன் பெரியவர் உட்காரப்போகிறார். யார் இடத்தை விட்டுக்கொடுப்பது என்று பேச்சு வந்தபோது பிரான்சிஸ் மாமா முந்திக்கொண்டார். "நான் தர்றேங்க்கா. எனக்கும் குதிகால் தேயறது மிச்சம்." அந்த வருஷச் சீட்டில் மாமாவுக்கு விழுந்திருந்தது பிலிப்பு. நல்ல சீட்டு விழுந்த வருஷம் பார்த்து விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்றே என்று அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் வருத்தந்தான்.

பெரியவர் லேசில் சம்மதிக்கவில்லை. இடத்தை விட்டு எழுந்தால் மகள் வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவாளே என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். "வியாழக்கெழம மத்தியானம் கூட்டிக்கினு போறோம், சாயந்திரம் பூச. முடிஞ்ச கையோட கடைசி வண்டில கொண்டாந்து உட்டுடறோம். ஆண்டவர் மேல ஆணையா" என்று அம்மா சொன்னாள். அவர் என் பக்கம் திரும்பினார். "வண்டி இருக்குதா, பாப்பா?" இருக்கிறது என்றேன், அது உண்மைதான். ஐந்து மாதம் தன் கையால் சோறு போட்டவள் கேட்கும்போது மாட்டேன் என்று சொல்ல அந்த மனிதருக்குத் தெரியவில்லை. பிளாட்பாரத்தில் டீக்கடை வைத்திருந்த லால்பேட்டைக்காரர் பாயிடம் போய், "எம் மவ வந்தா ராத்திரிக்குள்ள வந்துடுவேன்னு சொல்லு பாயி" என்று சொல்லிவிட்டு வந்தார். பாயும் தலையாட்டினார்.

எங்கள் ஊரில் இறங்கியதும் அவரைக் கோயில் கொல்லைக்குக் கூட்டிப்போனார்கள். நாவிதர் வந்து தலையை ஒட்ட வெட்டினார், தாடியை மழித்தார். மாமாவும் இன்னும் இரண்டு பேரும் வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டினார்கள். காலை மட்டும் மூன்று தடவை நாரால் தேய்த்தார்கள். வெடிப்பிலிருந்து ரத்தம் கசிந்ததும் நிறுத்தினார்கள். அவருடைய மூட்டையிலிருந்த துணிகளையெல்லாம் அம்மா சோப்புத் தண்ணீரில் ஊற வைத்துவிட்டாள். புது வேட்டி சட்டையில், நெஞ்சில் பிலிப்பு என்ற அட்டையோடு அவர் வெளியே வந்தபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பூசையில் சாமியார் முழங்காலிட்டு அவர் காலில் தண்ணீர் ஊற்றித் துடைத்து முத்தமிட்டபோது கோயிலே விசும்பியது. அவர் மட்டும் சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மணி பார்க்கத் தெரியாதவர் எதற்குப் பார்க்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பூசை முடிந்ததும் அம்மாவைப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். நாளைக்குப் பெரிய வெள்ளி, ஸ்டேஷனில் அவருக்கு யார் சோறு கொடுப்பார்கள் என்றாள் ஒருத்தி. ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டருக்கு வீட்டுக்கு வீடு கறிச்சோறு, அந்த மனுஷன் அங்கே போய் நாயோடு உட்கார்ந்திருப்பானேன் என்றாள் இன்னொருத்தி. துணி வேறு காயவில்லை. அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அப்பா மட்டும் மெதுவாக, "வாக்குக் குடுத்துட்டமே" என்று இழுத்தார். "அவரு மக வரவா போறா? மூணு நாளு வயிறார சாப்புட்டு, நிம்மதியா தூங்கட்டுமேங்க" என்றாள் அம்மா. அப்பா எப்போதும் அதற்குமேல் பேசமாட்டார். கடைசி வண்டி போய்விட்டது என்று பெரியவரிடம் சொல்லி, ஞானோபதேச வகுப்பு நடக்கிற அறையில் பாய் விரித்துக் கொடுத்தார்கள். வண்டி போக இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

பெரிய வெள்ளியன்று எங்கள் ஊரே செத்தது போலிருக்கும். கோயில் மணி அடிக்கக் கூடாது. அதற்குப் பதில் மரக்கட்டையைக் கடகடவென்று தட்டிக்கொண்டு தெருவில் போவார்கள். ரேடியோ பாடாது. பெண்கள் தலைக்கு எண்ணெய் வைக்கமாட்டார்கள், வாசல் பெருக்கமாட்டார்கள். கஞ்சி ஒன்றுதான் சாப்பாடு. பெரியவர் விடிந்ததிலிருந்து அறை வாசற்படியில் தயாராக உட்கார்ந்திருந்தார். பத்து மணிக்குமேல் எல்லோரும் சிலுவைப்பாதைக்குக் கிளம்பியபோது அம்மா என்னிடம் கஞ்சிப் பாத்திரத்தைக் கொடுத்து, "தாத்தாவுக்குக் குடு. எங்கியும் போவாம பாத்துக்க. நீ சொன்னா கேப்பாரு" என்றாள்.

அவர் கஞ்சியைத் தொடவில்லை. "பாப்பா, சிதம்பரத்துக்கு வண்டி எத்தினி மணிக்கு?" என்று கேட்டார். மத்தியானப் பாசஞ்சருக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஸ்டேஷன் ஐந்து நிமிஷ நடை. எனக்கு அது நன்றாகத் தெரியும்.

"இன்னிக்கு வண்டி கெடையாது தாத்தா" என்றேன். "இன்னிக்கு ஆண்டவர் செத்துப்போன நாளு. மணியே அடிக்கக் கூடாது, வண்டி மட்டும் கூவலாமா?"

அவர் தெருவைப் பார்த்தார். பெருக்காத வாசல்கள், அடங்கிப்போன வீடுகள், கட்டை தட்டிக்கொண்டு போகிறவர்கள். இவ்வளவும் நிறுத்தி வைத்திருக்கிற சாமிக்கு வண்டியை நிறுத்துவதா பெரிய காரியம் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். "அப்படிங்களா" என்று சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் கழித்து ஸ்டேஷன் பக்கமிருந்து வண்டி கூவுகிற சத்தம் நீளமாகக் கேட்டது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அது சரக்கு வண்டி" என்றேன். நாக்கு கொஞ்சமும் தடுக்கவில்லை.

அம்மா சொல்லித்தான் செய்தேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன், எடுபடவில்லை. அம்மா பார்த்துக்கொள்ளச் சொன்னாளே தவிரப் பொய் சொல்லச் சொல்லவில்லை. ஈஸ்டர் பூசையிலும் அந்தப் பன்னிரண்டு பேர்தான் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு முதல் வரிசையில் நிற்பார்கள். எங்கள் வகுப்பில் ரீட்டா என்றொரு பெண், தன் அப்பாவுக்குப் பேதுரு சீட்டு விழுந்ததைச் சொல்லிச் சொல்லி என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஆள்தான் நிஜமான ஏழை, சாமியார் அவர் காலைத்தான் அதிக நேரம் பிடித்துக்கொண்டிருந்தார் என்று வியாழக்கிழமை பூசை முடிந்ததுமே கோயில் வாசலில் அவளிடமும் மற்றப் பிள்ளைகளிடமும் நான் பீற்றியிருந்தேன். ஈஸ்டரன்று அவர் அந்த வரிசையில் இல்லாமல் போனால் என் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? அதுதான் காரணம். இவ்வளவு அற்பமான காரணம்.

சனிக்கிழமை அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் வரிசையில் மெழுகுவர்த்தி பிடித்தபடி நின்றார். எங்கள் வீட்டில் இலை போட்டுக் கறிச்சோறு பரிமாறினார்கள்; சோற்றை நடுவில் பிரித்துப் பாதியைச் சாப்பிட்டுவிட்டு, மீதியைக் கட்டிக் கொடுக்க முடியுமா என்று அம்மாவிடம் கேட்டார். திங்கட்கிழமை காலை அப்பாவும் நானும் அவரைச் சிதம்பரத்துக்கு அழைத்துப் போனோம். வண்டியிலிருந்து இறங்கியதும் நேராகத் தம் இடத்துக்குப் போனார்.

டீக்கடை பாய்க்கு முதலில் ஆள் தெரியவில்லை. தெரிந்ததும் கையிலிருந்த டம்ளரை வைத்துவிட்டு ஓடி வந்தார். "யோவ் பெரியவரே, எங்கய்யா போய்ட்ட? வெள்ளிக்கெழம காலைல உம் பொண்ணு வந்துச்சுய்யா!"

பாய் சொன்னது இதுதான். கைக்குழந்தையோடு வந்திருக்கிறாள். பேறுகாலமாகிவிட்டதால் பொங்கலுக்கு வர முடியவில்லையாம். ஆள் பிடிக்கிறவன் இப்போதுதான் ஒரே ஒரு நாள் விட்டிருக்கிறான். பாய் அவளுக்கு டீயும் பிள்ளைக்குப் பாலும் கொடுத்திருக்கிறார். வேதக்காரர்கள் கூட்டிப்போனார்கள், எந்த ஊர்க் கோயில் என்று தெரியாது, வியாழக்கிழமை ராத்திரியே வந்திருக்க வேண்டியவர், வரவில்லை என்று சொல்லியிருக்கிறார். அவள் மத்தியான வண்டியைப் பார்த்திருக்கிறாள். அதிலும் அவர் வரவில்லை. சாயங்காலம்வரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்துவிட்டு, "அவுங்க ஆசிரமம் எதுலனா சேத்துட்டாங்க போல" என்று பாய் சொன்னதைக் கேட்டு அழுதிருக்கிறாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கூட இருந்தாலும் பட்டினிதான். அங்க மூணு வேள சோறாவது கெடைக்கும். அவுங்க புள்ளகுட்டியோட நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வடக்கே போகிற வண்டியில் ஏறிப் போய்விட்டாள்.

"எந்த ஊரு சூளைன்னு கேக்கலியா பாய்?" என்றார் அப்பா.

"கேக்கத் தோணலியே சார். நல்ல எடத்துலதான இருக்காருன்னு நெனச்சேன்."

பெரியவர் பாயிடம் ஒன்றுதான் கேட்டார். "கொழந்த ஆணா, பொண்ணா?" துணியில் சுற்றியிருந்தது, கவனிக்கவில்லை என்றார் பாய். பெரியவர் குழாயடியில் மெல்ல உட்கார்ந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். கோபமே இல்லாத குரல். "அன்னிக்கு மத்தியானம் கூவிக்கினு போச்சே, அது சரக்கு வண்டிதானே பாப்பா?"

அப்பா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "ஆமா தாத்தா" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். நம்பினாரா, என்னைக் காப்பாற்றினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மகளின் பெயர் அஞ்சலை என்று அப்பா கேட்டுத் தெரிந்துகொண்டார். கடலூரிலும் மேல்பட்டாம்பாக்கம் பக்கமும் ஆதரவற்றோர் விடுதிகளில் அப்படி ஒருத்தி தேடி வந்தாளா என்று விசாரித்தார், எவரும் வந்திருக்கவில்லை. கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வடக்கே சூளைகள் இருக்கிற பக்கம் போய்ப் பார்த்தார். கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் புகைபோக்கிதான் என்றார். ஒரு மேஸ்திரி மட்டும் நின்று கேட்டிருக்கிறான். "அஞ்சல ஏகப்பட்டது இருக்குது சார். அப்பன் பேரு இன்னா?" அப்பாவுக்குத் தெரியவில்லை. ஐந்து மாதம் சோறு போட்டு, குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, பீடத்துக்கு முன்னால் உட்கார வைத்து முத்தமிட்ட எங்களில் ஒருவர்கூட அவர் பெயரைக் கேட்டிருக்கவில்லை. அட்டையில் எழுத எங்களிடந்தான் ஒரு பெயர் தயாராக இருந்ததே. அடுத்த தடவை கேட்டுக்கொண்டு போகலாம் என்று அப்பா திரும்பி வந்தார். ஆபீஸ் வேலை, மாமாவின் கல்யாணம் என்று நாள் ஓடியது. அடுத்த தடவை வரவேயில்லை, பெயரைக் கேட்பதும் அதோடு தள்ளிப்போயிற்று.

அதற்குப் பிறகு வண்டி வந்தால் பெரியவர் எழுந்து நிற்பதில்லை. தாம் நல்ல இடத்தில் இருப்பதாக மகள் நம்பிவிட்டாள், இனி அவள் இந்த ஸ்டேஷனில் இறங்கக் காரணமில்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவரே தவிர விவரம் தெரியாதவர் அல்ல. பொட்டலத்தைப் பிரித்து, கோடு கிழிக்காமல், முழுச் சோற்றையும் சாப்பிட்டார். "இப்பத்தான் ஒழுங்கா சாப்புடறாரு" என்று அம்மா சந்தோஷப்பட்டாள். எனக்கு அந்த வெற்று இலையைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் போனது. சனிக்கிழமைகளில் வயிற்று வலி, தலைவலி என்று சாக்குச் சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

அடுத்த ஐப்பசி மழையில் அவருக்குக் காய்ச்சல் கண்டு, யாரோ ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அப்பா இரண்டு நாள் விடுப்பில் இருந்ததால் மூன்றாம் நாள்தான் செய்தி தெரிந்து ஓடினார். அதற்குள் அடக்கமே முடிந்திருந்தது. "பேரு என்னான்னு கேட்டாங்கடி, எழுதிக்கறதுக்கு" என்று அம்மாவிடம் சொல்லும்போது அப்பா குலுங்கிக் குலுங்கி அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். அம்மா பெரியவருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காகப் பூசை வைத்தாள். கோயில் நோட்டில் இன்னாருக்காக என்று பெயர் எழுத வேண்டும். அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றுவிட்டு, பிலிப்பு என்று எழுதினாள்.

எனக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது. அதே சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். அந்தச் சின்னப் பாதை வண்டிகள் போய் அகலப் பாதை வந்தாயிற்று. வேப்பமரம் இல்லை, குழாயடி இல்லை; பாயின் கடை இருந்த இடத்தில் நாலு இரும்பு நாற்காலி, அதில் அரை மணிக்குமேல் உட்கார்ந்தால் டிக்கெட் கேட்டு எழுப்பிவிடுகிறார்கள். பிடி அரிசிப் பானையை எந்த வீட்டிலும் பார்க்க முடியவில்லை. தவக்காலத்தில் ஓட்டலில் சொல்லி வாங்கிய பொட்டலங்களை இளைஞர்கள் பைக்கில் கொண்டுபோய்க் கொடுத்து, போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நானும் கூடப் போகிறேன். கொடுக்கும் முன் பெயரைக் கேட்கிறேன், யாருக்காவது காத்திருக்கிறீர்களா என்று கேட்கிறேன். பெரும்பாலும் யாருமில்லை என்பார்கள். அதைக் கேட்டதும் எனக்குள் ஒரு நிம்மதி வருகிறது, அதற்காக உடனே வெட்கமும் வருகிறது.

கல்லூரிக் காலத்தில் ஒரு தடவை பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். சிறுபிள்ளையில் சொன்ன பொய்தானே என்று பரிகாரமாக மூன்று அருள் நிறை மந்திரம் சொல்லச் சொன்னார் சாமியார். சொன்னேன். ஆண்டவர் மன்னித்திருக்கலாம், அவருக்கு மன்னிப்பதுதானே வேலை.

அம்மா போன வருஷத்துக்கு முந்தின வருஷம் இறந்தாள். வியாழக்கிழமை ராத்திரி வாக்குத் தவறியது தான்தான், அந்தப் பாவம் தன் ஒருத்தி தலையில்தான் என்று அவள் கடைசிவரை நினைத்திருந்தாள். படுக்கையில் கிடந்தபோது ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த வெள்ளிக்கெழம, ஊருக்குப் போவணும்னு உங்கிட்ட எதுனா கேட்டாராடி?" என்றாள். அவளோடு பங்கு போட்டுக்கொள்ள எனக்குக் கிடைத்த கடைசி நேரம் அது. "இல்லம்மா" என்றேன். "அப்ப அவருக்கும் இருக்கணும்னு ஆசதான் போல" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அஞ்சலை உயிரோடிருந்தால் இப்போது அறுபதை நெருங்கியிருப்பாள். வெயிலில் சூளையிலோ, வேறு எங்கோ. தன் அப்பா, முகம் தெரியாத நல்லவர்கள் வீட்டில் மூன்று வேளை சாப்பிட்டு, வயதாகி, நிம்மதியாகக் கண் மூடினார் என்று நம்பிக்கொண்டிருப்பாள். போகிற வழியில் ஏதாவது ஒரு மாதா கோயில் தெரிந்தால், நின்று, எங்களை நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவாள்.